ஸ்கேல் எங்கே தடுக்குகிறது? பியானோ கிரேடு தேர்வுக்கு முன் பிழை நீக்கும் வழிமுறை

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் பியானோ கிரேடு தேர்வுக்குப் போகும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே வேறு ஏதோ ஒரு வழியில் இசைக்குள் வந்தவர்கள். சிலர் சர்ச் குவயரில் கீபோர்டு வாசித்துப் பழகியவர்கள், சிலர் பாட்டு வாத்தியாரிடம் சரளிவரிசை பாடியவர்கள். ஸ்கேலில் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பதில்) இந்த இரு கூட்டமும் தவறுவது வேறு வேறு இடங்களில். அதனால் “இன்னும் நல்லா பிராக்டிஸ் பண்ணு” என்ற பொது மருந்து யாருக்கும் உதவுவதில்லை.

முதலில் மதிப்பெண் கணக்கு. ஏபிஆர்எஸ்எம் (லண்டனிலுள்ள இசைத் தேர்வு வாரியம்) நேரடித் தேர்வில் மொத்தம் 150. அதில் ஸ்கேலுக்கும் ஆர்பெஜியோவுக்கும் (ஸ்கேலின் 1, 3, 5-வது சுரங்களை மட்டும் வரிசையாக வாசிப்பது) 21, தேற வேண்டிய அளவு 14. எல்லாம் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வில் மொத்தம் 100, ஸ்கேல் அடங்கிய டெக்னிக்கல் வொர்க்குக்கு 14. ஏபிஆர்எஸ்எம்மின் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு (வீடியோவில் பதிந்து அனுப்பும் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு ஸ்கேல் கேள்வியே கிடையாது. எதற்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ள எதையும் தொடும் முன் ஒரு வேலை: தடுக்கும் ஸ்கேலை மெதுவாக மூன்று தடவை வாசித்து, எந்தச் சுரத்துக்கும் எந்தச் சுரத்துக்கும் நடுவில் தடுக்குகிறது என்று நோட்டில் எழுதுங்கள். “ஜி மேஜர் வரவில்லை” என்று எழுதினால் மருந்து கிடையாது. “ஜி மேஜர், இடக்கை, ஏறும்போது டி-யிலிருந்து ஈ” என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் தடுக்குகிறது

இது விரலின் பலவீனம் அல்ல. விரல் எண் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) இன்னும் முடிவாகவில்லை. இன்று எஃப் ஷார்ப்பில் 4 வைத்த கை நாளை 3 வைக்கிறது, அப்புறம் மேலே போய் விரல் தீர்ந்துபோகிறது.

விரல் எண்களை முழுசாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு ஆக்டேவுக்கு (ச-விலிருந்து மேல் ச வரை உள்ள ஏழு சுரத்துக்கு) 4-ம் விரல் ஒரே ஒரு தடவைதான் வரும். அது எங்கே விழுகிறது என்று தெரிந்தால் மற்றவை தானாக அமையும்.

வலக்கையில் சி, ஜி, டி, ஏ, ஈ, பி மேஜர்களுக்கு 4-ம் விரல் ஏழாவது சுரத்தில் விழும்: சி மேஜரில் பி, ஜி மேஜரில் எஃப் ஷார்ப், டி மேஜரில் சி ஷார்ப். எஃப் மேஜர் தொடங்கி பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் வரை ஃப்ளாட் மேஜர்கள் எல்லாவற்றுக்கும் வலக்கையின் 4-ம் விரல் பி ஃப்ளாட்டில். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டால் ஐந்து ஸ்கேல் சரியாகும்.

இடக்கையில் சி, ஜி, டி, ஏ, ஈ, எஃப் மேஜர்களுக்கு 4-ம் விரல் இரண்டாவது சுரத்தில். பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் மேஜர்களுக்கு நான்காவது சுரத்தில். இவை நான்குக்கும் இடக்கை 3-2-1-4-3-2-1 என்று ஒரே அச்சுதான். பி மேஜரின் இடக்கை மட்டும் தனி. 4-ல் தொடங்கும், பிறகு எஃப் ஷார்ப்பில் மறுபடி 4 வரும்.

புத்தகத்தில் வேறு விரல் போட்டிருந்தால் அதையே வையுங்கள். வாசிப்பு நன்றாக வந்தால் எந்த விரல் என்பதற்காகத் தேர்வாளர் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் வகுப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று, யூடியூப் பார்த்து இன்னொன்று என்று மாறக் கூடாது. தேர்வுக்கு ஆறு வாரத்துக்குள் விரல் எண்ணை மாற்றச் சொன்னால், அந்த ஸ்கேல் வேறு விதத்தில் உடையாத வரை மாற்றாமல் விடுவதே நல்லது.

தனித்தனிக் கை ஓடுகிறது, சேர்த்தால் உடைகிறது

இரு கையின் கட்டைவிரலும் வேறு வேறு நேரத்தில் நுழைவதுதான் காரணம். கண் இரண்டையும் துரத்திக் குழம்புகிறது. இரு கையும் ஒத்துப்போகும் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சி மேஜரில் இரு கையின் 3-ம் விரலும் ஈ-யிலும் ஏ-யிலும் ஒரே நேரத்தில் விழும். நடு சி-யில் இரு கட்டைவிரலும் சேரும். ஜி, டி, ஏ, ஈ மேஜர்களிலும் இதே கணக்கு: மூன்றாவது சுரத்திலும் ஆறாவது சுரத்திலும் 3-ம் 3-ம். மெதுவாக வாசித்து, அந்த இரண்டு சுரம் வரும்போது மட்டும் வாய்விட்டு “மூணு” என்று சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு கையில் வேறு விரல் இருந்தால், பிழை அதற்கு முந்திய கட்டைவிரல் நுழைவில்தான். அங்கிருந்து திருத்துங்கள். தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டாம். தொடக்கத்துக்குத் திரும்பித் திரும்பி வாசிப்பவர்களுக்கு முதல் ஐந்து சுரம் அருமையாக இருக்கும், மற்றவை அப்படியே கிடக்கும்.

இதற்கிடையில் ஒரு குறுக்குவழி. கைகள் எதிர்த்திசையில் போகும் ஸ்கேல்களை முதலில் படியுங்கள். சி மேஜர் எதிர்த்திசையில் இரு கைக்கும் ஒரே விரல். ஈ மேஜரில் விரல் மட்டுமல்ல, கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையும்கூட இரு பக்கமும் ஒரே வரிசையில் வரும்: வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, கறுப்பு. நான்கு ஷார்ப்பைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைக்கு இது ஆச்சரியமான அளவு சுலபமாக வரும்.

கட்டைவிரல் விழும் சுரம் மட்டும் ‘டங்’ என்று கேட்கிறது

கட்டைவிரல் பிந்தி வருகிறது. பிந்தியதை ஈடுகட்ட முழங்கை தூக்கிப் போடுகிறது, கையின் எடை முழுக்க அந்தச் சுரத்தில் இறங்குகிறது. ‘கட்டைவிரலை மெதுவாக வை’ என்று சொல்லிப் பயனில்லை, சீக்கிரம் வரச் சொல்ல வேண்டும். வலக்கை சி மேஜரில் 2-ம் விரல் டி-யைத் தொட்டவுடனே கட்டைவிரல் உள்ளங்கைக்குள் நகரத் தொடங்க வேண்டும். 3-ம் விரல் ஈ-யில் இருக்கும்போது அது எஃப் மேல் தயாராக நிற்க வேண்டும்.

பயிற்சி: ஈ-யும் எஃப்-உம் மட்டும், 3-1-3-1 என்று எட்டுத் தடவை. பிறகு பி-யும் சி-யும், 4-1-4-1 எட்டுத் தடவை. முழங்கை வெளியே பறக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். அடுத்து கூட்டாக அழுத்துங்கள்: சி-டி-ஈ மூன்றும் ஒரே நேரத்தில், உடனே எஃப்-ஜி-ஏ-பி நான்கும் ஒரே நேரத்தில், அடுத்த ஆக்டேவிலும் அப்படியே. கை எங்கெங்கே இடம் பெயர வேண்டும் என்பது இதில் அப்பட்டமாகத் தெரியும்.

உட்காரும் உயரத்தையும் பாருங்கள். முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் தாழ்வாக உட்கார்ந்து, மணிக்கட்டைத் தொங்கவிட்டு வாசிக்கும் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி கொடுத்தாலும் கட்டைவிரல் நுழையாது. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். வலியோடு வாசிப்பதை ஒரு சாதனையாகப் பேசுபவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஏறும்போது வேகம் கூடுகிறது, உச்சியில் தடுமாறுகிறது

சுரங்களை எண்ணாமல் வாசிப்பதன் விளைவு. இரண்டு ஆக்டேவ் ஏறி இறங்கினால் மொத்தம் 29 சுரம். நான்கு நான்காகப் பிரித்தால் ஏழு கூட்டமும் கடைசியில் ஒரு சுரமும். சி மேஜரில் ஒவ்வொரு கூட்டத்தின் முதல் சுரத்தையும் லேசாக அழுத்தி வாசித்தால் அழுத்தம் விழும் சுரங்கள் இவை: சி, ஜி, டி, ஏ, பிறகு ஏ, டி, ஜி, சி. முன்னிருந்து பார்த்தாலும் பின்னிருந்து பார்த்தாலும் ஒன்றே. இரண்டாவது ஏ-யில் அழுத்தம் விழாமல் ஜி-யிலோ பி-யிலோ விழுந்தால், உச்சி சி-யை இரண்டு தடவை தட்டியிருக்கிறீர்கள் அல்லது ஒரு சுரத்தை விட்டிருக்கிறீர்கள். மேல்சுரத்தை இரட்டிப்பது நம் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். சரளிவரிசையில் மேல் ச-வில் ஆரோகணம் முடிந்து, அதே ச-வில் அவரோகணம் தொடங்கிப் பழகிய வாய் அது.

நான்கு ஆக்டேவும் நான்கு நான்காகச் சரியாகப் பிரியும்: 56 சுரமும் ஒன்றும். மூன்று ஆக்டேவ் பிரியாது. அதை மூன்று மூன்றாக எண்ணுங்கள், 42 சுரமும் ஒன்றும் என்று சரியாக முடியும். இரண்டு ஆக்டேவ் ஆர்பெஜியோவில் 13 சுரம், அதையும் மூன்று மூன்றாக.

மெட்ரோனோமை 60-ல் வைத்து ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வாசியுங்கள். தொடர்ந்து மூன்று தடவை பிழையின்றி வந்தால் 4 கூட்டுங்கள். 100 வந்ததும் மெட்ரோனோமை 50-க்கு இறக்கி, தட்டுக்கு நான்கு சுரம் வாசியுங்கள். வேகம் அதேதான், ஆனால் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் கை தனியாக ஓட வேண்டியிருக்கும். உண்மையான சீர்கேடு இங்கேதான் வெளிப்படும். எந்தச் சுரம் நொண்டுகிறதோ அங்கே நெடில்-குறில், குறில்-நெடில் என்று தாளத்தை மாற்றி நான்கு தடவை வாசித்துவிட்டு, சமமாக ஒரு தடவை.

மைனர் எல்லாம் ஒன்றோடொன்று கலக்கிறது

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோனிக் மைனரைக் கேட்டால் மெலோடிக்கை வாசிப்பதும், ஏறும்போது சரியாகப் போய் இறங்கும்போது தவறுவதும் தேர்வில் அடிக்கடி நடக்கும். பிள்ளை விரலால் நினைவு வைத்திருக்கிறது, காதால் அல்ல.

பாட்டு படித்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. ஹார்மோனிக் மைனரின் சுரங்கள் கீரவாணியின் சுரங்கள், 21-வது மேளம் (தாய் ராகம்). மெலோடிக் மைனர் ஏறும்போது கௌரிமனோகரி, 23-வது மேளம். இறங்கும்போது நடபைரவி, 20-வது மேளம். மேஜர் சங்கராபரணம், 29. ஏ மைனரில் சோதித்துப் பாருங்கள். ஏ, பி, சி, டி, ஈ வரை மூன்றும் ஒன்றே. பிறகு கீரவாணியில் எஃப், ஜி ஷார்ப். கௌரிமனோகரியில் எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். நடபைரவியில் எஃப், ஜி. ஆக, பிழை எப்போதும் தைவதத்திலும் நிஷாதத்திலும்தான், அதாவது ஆறாவது, ஏழாவது சுரத்தில். அந்த இரண்டு சுரத்தை மட்டும் பாடிவிட்டு வாசியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ச எங்கே இருக்கிறது என்பது ஸ்கேலுக்கு ஸ்கேல் மாறும். ஒரே சுருதியில் பாடிப் பழகியவர் சுருதிப்பெட்டிக் கணக்கில் நினைத்தால் எளிது: சி ஒரு கட்டை, ஈ ஃப்ளாட் இரண்டரை, ஜி ஐந்து, பி ஃப்ளாட் ஆறரை. டி ஹார்மோனிக் மைனர் என்றால் இரண்டு கட்டையில் கீரவாணி, அவ்வளவுதான். அடுத்தது பியானோ அல்ல, வயலின் கிரேடு எழுதுகிறவர்களுக்கு: சுரம் ஒன்றானாலும் கமகம் கூடாது. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைத்துப் பழகிய விரல் ஸ்கேலிலும் கொஞ்சம் அசையும். வாசிப்பவருக்குத் தெரியாது, தேர்வாளருக்கு அது சுருதி பிசகாகத்தான் கேட்கும்.

குவயரில் சோல்ஃபா (டோ, ரே, மீ முறை) படித்தவர்களுக்கு வழி வேறு. மைனரை லா-விலிருந்து பாடுங்கள்: லா, தீ, டோ, ரே, மீ, ஃபா, சே, லா. அந்த ‘சே’தான் ஹார்மோனிக் மைனரின் அடையாளம். மெலோடிக்கில் ஏறும்போது ஃபா-வுக்குப் பதில் ‘பா’ வரும்: மீ, பா, சே, லா. இறங்கும்போது லா, சோ, ஃபா, மீ. இரண்டு வழியையும் ஒரே பிள்ளைக்குச் சொல்லிக் குழப்ப வேண்டாம். வாயில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அது போதும்.

கறுப்புக் கட்டை அதிகமானால் கை நடுங்குகிறது

சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்களுக்கே உரிய கோளாறு. காரணம் டிரான்ஸ்போஸ் பட்டன். பாடுபவர்களுக்கு ஈ ஃப்ளாட் வேண்டுமென்றால் பட்டனை மூன்று தடவை தட்டிவிட்டு, விரல் சி மேஜரிலேயே வாசிக்கும். பல வருடம் வாசித்தவர்கூட ஏ ஃப்ளாட் மேஜரைக் கையால் தொட்டிருக்க மாட்டார்.

தேர்வு முடியும்வரை பட்டனை பூஜ்யத்தில் வைத்துவிட்டு, தெரிந்த பாமாலைகளில் இரண்டை ஈ ஃப்ளாட்டிலும் ஏ ஃப்ளாட்டிலும் வலக்கை மெட்டு மட்டும் வாசியுங்கள். ஸ்கேலில் ஒரு திருத்தம் வேண்டும்: கை கட்டையின் விளிம்பில் நிற்காமல் உள்ளே, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே போக வேண்டும். விளிம்பிலிருந்து எட்டி எட்டித் தொடுவதால்தான் நடுக்கம். உண்மையில் பி மேஜரும் டி ஃப்ளாட் மேஜரும் கைக்கு சி மேஜரைவிட வசதியானவை. நீண்ட விரல்கள் மேலே கறுப்பில் படுக்கும், கட்டைவிரல் கீழே வெள்ளையில் நுழையும்.

ஆர்பெஜியோவில் பக்கத்துக் கட்டை சேர்ந்து விழுகிறது

விரலை நீட்டித் தாவுகிறீர்கள். கையே நகர வேண்டும். சி மேஜர் வலக்கை 1-2-3-1-2-3-5. ஜி-யில் 3-ம் விரல் இருக்கும்போதே முன்கை மேல் சி-யை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்திருக்க வேண்டும். வேகம் வந்தபின் கட்டைவிரலை அடியில் நுழைத்து ஒட்டவைக்க முயலாதீர்கள். கையை அப்படியே இடம் மாற்றினால் இடைவெளி காதுக்குத் தெரியாது.

இடக்கையில் விரல் எண் தவறுவதே பெரும்பாலும் காரணம். சி, எஃப், ஜி மேஜர்களில் 5-4-2-1. டி, ஏ, ஈ மேஜர்களில் மூன்றாவது சுரம் கறுப்பு, ஆகவே 5-3-2-1. பி ஃப்ளாட் மேஜரில் வலக்கை 2-1-2-4-1-2-4, இடக்கை 3-2-1-3-2-1-3. இந்த ஒன்றை மட்டும் தினமும் முதலில் வாசியுங்கள். கடைசிக்குத் தள்ளினால் தேர்வு வரை தள்ளிக்கொண்டே போவீர்கள்.

குரோமாட்டிக்கில் விரல் தீர்ந்துபோகிறது

குரோமாட்டிக் என்பது கறுப்பும் வெள்ளையுமாக எல்லாக் கட்டையையும் விடாமல் வரிசையாக வாசிப்பது. கறுப்பு எல்லாவற்றுக்கும் 3, வெள்ளைக்கு 1. இரண்டு வெள்ளை அடுத்தடுத்து வரும் இடத்தில் மட்டும் 2: வலக்கையில் சி-யும் எஃப்-உம், இடக்கையில் பி-யும் ஈ-யும். இரு கையும் டி-யில் தொடங்கி எதிர்த்திசையில் போனால் விரல்கள் கடைசி வரை ஒன்றாகவே இருக்கும். அதை வைத்துப் பழகுங்கள்.

வீட்டில் வருகிறது, தேர்வாளர் முன்னால் மறந்துபோகிறது

வீட்டில் புத்தக வரிசையில் வாசிக்கிறீர்கள். சி முடிந்தால் ஜி, ஜி முடிந்தால் டி. அங்கே எதற்குப் பின் எதுவும் வரலாம். ஒவ்வொரு ஸ்கேலையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். தினமும் எட்டுச் சீட்டு எடுங்கள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது இன்னொரு டப்பாவுக்கு, வராதது அதே டப்பாவுக்குத் திரும்ப. இரண்டாவது தடவை சரியாக வந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தேர்வில் கேட்டவுடன் தயக்கமின்றித் தொடங்குவதும் மதிப்பிடப்படுகிறது.

தொடங்கும் முன் மூன்று விஷயம் மனதில் ஓட வேண்டும்: எத்தனை ஷார்ப் அல்லது ஃப்ளாட், இரு கையும் எந்த விரலில் தொடங்கும், லெகாட்டோவா (சேர்த்து வாசிப்பது) ஸ்டக்காட்டோவா (வெட்டி வாசிப்பது). “ஈ ஃப்ளாட், மூணு ஃப்ளாட், ரெண்டு கையும் மூணாம் விரல்” என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் அங்கே இரண்டு நொடியில் முடியும்.

இன்னொன்று, காதில் தவறாக விழுவது. வெளிநாட்டுத் தேர்வாளர் சொல்லும் ‘ஏ’ நமக்கு ‘எய்’ என்று கேட்கும்; பி ஃப்ளாட்டும் டி ஃப்ளாட்டும், ஏ ஃப்ளாட்டும் ஈ ஃப்ளாட்டும் குழம்பும். வகுப்பில் ஆசிரியர் மலையாளத்திலும் தமிழிலுமாகச் சொல்லிக் கேட்ட பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். வாரம் இரண்டு நாள் அம்மாவோ அக்காவோ முதுகுக்குப் பின்னால் நின்று, “மக்களே” என்று செல்லமாகக் கூப்பிடாமல், ஆங்கிலத்தில் மட்டும் ஒரே தடவை சொல்லட்டும். புரியாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு மதிப்பெண் போகாது. கேட்காமல் வேறு ஸ்கேலை அழகாக வாசித்தால் போகும்.

வீட்டு கீபோர்டில் சரி, பியானோவில் கை ஓடவில்லை

61 கட்டை கீபோர்டில் கீழே ஸ்பிரிங். பியானோ கட்டை அமிழ ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும், பின்னால் ஒரு சுத்தியலையும் தூக்க வேண்டும். கீபோர்டில் பழகிய விரல் பாதி அமிழ்த்தி விட்டுவிடும், பியானோவில் சுரமே கேட்காது, குறிப்பாக 4-ம் 5-ம் விரலில். இடமும் போதாது: இரு கையும் ஒரு ஆக்டேவ் இடைவெளியில் நான்கு ஆக்டேவ் வாசிக்க 61 கட்டையில் சி ஒன்றுக்குத்தான் இடமுண்டு. டி தொடங்கினால் வலக்கை மேலே முடிந்துபோகும். மூன்று ஆக்டேவ் என்றால் எல்லாம் அடங்கும்.

கடைசி ஒரு மாதம் வாரத்தில் ஒரு நாளாவது சர்ச்சிலோ வகுப்பிலோ உள்ள பியானோவில், அது இல்லையென்றால் ஹேமர் ஆக்‌ஷன் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டு கீபோர்டில் டச் ரெஸ்பான்ஸ் (அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வசதி) இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். ஜூன், ஜூலை மழையில் பழைய பியானோவில் ஏதாவது ஒரு கட்டை மட்டும் அமிழ்ந்து எழும்பாமல் நின்றால், ஈரத்தில் மரமும் ஃபெல்ட்டும் உப்பியிருக்கிறது. விரலைக் குறை சொல்லாமல் அந்த ஸ்கேலை ஒரு ஆக்டேவ் தள்ளி வாசித்துப் பாருங்கள்.

தேர்வு மையம் திருவனந்தபுரம் என்று வந்தால் களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழி நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவே வையுங்கள். தேர்வு அறையில் ஏசி இருக்கலாம், பஸ்ஸில் வேர்த்த கை அங்கே விறைக்கும். வெளியே காத்திருக்கும்போது கையை உரசிச் சூடாக வைத்துக்கொண்டு, மடியிலோ பெஞ்சிலோ பி ஃப்ளாட் ஆர்பெஜியோவின் விரலை மட்டும் மெதுவாக ஓட்டலாம். புதிதாக எதையும் அப்போது திருத்த வேண்டாம்.